கம்பெனிக் கேலிச்சித்திரங்கள்: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனின் அரசியல் கேலிச்சித்திரங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, கிழக்கிந்தியக் கம்பெனி தொடர்பானவற்றை எல்லாம் ‘காலனி ஆதிக்கத்தைச் சாடியவை’ என்று ஒரே வரியில் விளக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

1783 டிசம்பரில் ஜேம்ஸ் சேயர்ஸ் வெளியிட்ட சித்திரத்தில், தலைப்பாகை அணிந்த அன்றைய அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், ‘கார்லோ கான்’ என்ற பட்டப்பெயருடன் யானைமேல் அமர்ந்து, கம்பெனியின் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் பவனி வருகிறார். யானைக்கு அமைச்சரவையில் அவருடைய கூட்டாளியான நார்த் பிரபுவின் முகம். முன்னால் எக்காளம் ஊதிச் செல்பவர் ஃபாக்ஸ் அணியின் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க். எக்காளத்தில் தொங்குவதோ வங்காளத்தின் வரைபடம். பார்த்த மாத்திரத்தில் ஆதிக்கத்தை எள்ளுவதாகவே தோன்றும். ஆனால் ஃபாக்ஸ் மேல் விழுந்த பழி, கம்பெனி நிர்வாகத்தை ஏழு ஆணையர்களிடம் ஒப்படைக்கும் மசோதாவைக் கொண்டுவந்ததற்காக. அந்த எழுவரும் அவருக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள் என்பதால் எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது; எனினும் அச்சித்திரத்தால் ஆதாயம் அடைந்தது கம்பெனிதான். அதே மாதத்தில் பிரபுக்கள் சபையில் மசோதா தோற்றது, மன்னர் அமைச்சரவையை நீக்கினார், ஃபாக்ஸின் எதிராளியான வில்லியம் பிட் பிரதமரானார், சேயர்ஸுக்குப் பின்னர் அரசுப் பதவியும் கிடைத்தது.

ஜேம்ஸ் கில்ரேயின் கதை இன்னும் சுவையானது. 1786 மே மாதம் அவர் பொறித்த படத்தில், கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் ‘இந்தியாவின் இரட்சகர்’. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து, பர்க் முதலானோரின் தாக்குதலைக் கேடயத்தால் தடுக்கிறார். இந்தியாவில் முறைகேடுகள் செய்ததாகக் குற்றம் சாட்டி ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றம் நடத்திய விசாரணை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிச் சில வாரங்களே ஆன 1788 மார்ச்சில் வெளியான படத்தில், அதே ஹேஸ்டிங்ஸ் பணமூட்டைகளோடு தர்லோ பிரபுவின் தோளில் ஏறி இரத்தக் கடலைக் கடக்கிறார். சுற்றிலும் மிதப்பவை இந்தியப் பிணங்கள். தர்லோ யார்? அந்த விசாரணைக்குத் தலைமை வகித்த லார்டு சான்சலரே, அதாவது நாட்டின் உயர்ந்த நீதித்துறை அதிகாரியே. எனக்குத் தெரிந்த கம்பெனிச் சித்திரங்களில் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை. ஆனாலும் அதை வரைந்த கை, இரண்டாண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு மறுபக்கத்துக்கு உழைத்த கைதான். 1797 முதல் அரசின் உதவித்தொகையையும் அது வாங்கிக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபாக்ஸைக் கொடுங்கோலனாகக் காட்டச் சேயர்ஸுக்குத் தேவைப்பட்டது ஒரு தலைப்பாகையும் யானையும்தான். லண்டன் அரசியல்வாதியின் அதிகார வெறியைக் கீழைநாட்டு வேடத்தில் காட்டியதால், பழியின் பாதி அந்த வேடத்துக்கு உரியவர்கள் மேலும் விழுந்தது. இந்தியர்களோ, 1788ஆம் ஆண்டுச் சித்திரத்தில் பிணமாக மிதக்கத்தான் இடம் பெற்றார்கள்.

ஆகவே ஒவ்வொரு படத்தின் விளக்கப் பலகையிலும் அது எந்தக் கட்சிச் சண்டையில் பிறந்தது, யாருக்கு உதவியது, வரைந்தவருக்கு யாரிடமிருந்து பணமோ பதவியோ வந்தது என்பவற்றைக் குறிப்பிட வேண்டுகிறேன். இடமிருந்தால் கில்ரேயின் அந்த இரண்டு ஹேஸ்டிங்ஸ் படங்களையும் அடுத்தடுத்து மாட்டி, ஆண்டுகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சுப்படங்களில் ஆர்வமுள்ள ஒரு வாசகன்