காகித விமானத்துக்கு மாணவர் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி நடைவழியில் பிள்ளைகள் விடும் காகித விமானங்கள் மூக்குக் குத்தி விழுகின்றன. குறை வீசும் கையில் இல்லை, மடிப்பில்தான் உள்ளது. 210க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரித்து, மேல்மூலைகளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, அந்தச் சாய்ந்த ஓரங்களையும் மீண்டும் நடுக்கோட்டோடு சேர்த்து, தாளை மறுபடி இரண்டாக மடித்தபின், இருபுறமும் இறக்கைகளைக் கீழே மடித்து மட்டமாக விரிக்க வேண்டும். நகத்தால் அழுத்தித் தேய்க்காத மடிப்பு பறக்கும்போதே பிரிந்துவிடும். முன்பகுதியில் தாள் அடுக்கடுக்காகச் சேர்வதால் எடை மூக்குப் பக்கம் நின்று விமானத்தை நிலைப்படுத்துகிறது. எனினும் தலைகுப்புற இறங்கினால், இறக்கைகளின் பின்னோரத்தை நெல்லளவு மேலே வளைக்க வேண்டும். என் பேத்தியின் விமானம் அந்தச் சிறு வளைவுக்குப் பிறகே நடைவழியின் கோடிவரை சென்றது. தங்கள் மாணவர் பக்கத்தில் இதனைப் படங்களுடன் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோலாலம்பூர்