பல் தடமா, கத்தித் தடமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முட்புதரில் கிடந்த பெண்ணின் உடல் பற்றிய செய்திக்கு, பிரேதப் பரிசோதனை முடியும் முன்பே ‘சிதைத்துக் கொலை’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் சட்ட மருத்துவம் கற்பித்த எனக்கு அதைப் படித்ததும் பதறியது. சிதைத்தது மனிதனா, தெருநாயா, நரியா என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எறும்பு அரித்த தோல் காய்ந்து பழுப்பேறும். கழுத்து மடிப்பில் அப்படி நேர்ந்தால் கயிறு இறுக்கிய தடம் போலவே தெரியும். எலி இமையையும் உதட்டையும் தின்ற முகத்தைக் கண்டவர்கள் சித்திரவதை என்றே நினைப்பார்கள். இறந்த பின் ஏற்பட்ட இத்தகைய காயங்களின் ஓரத்தில் பொதுவாக வீக்கமோ சிவப்போ இருக்காது. அதைப் பிணவறையில் நிதானமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இறந்த காலத்தைக் கணிப்பதும் பிசகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், உடல்கள் சிதையும் விதத்தை ஆராயும் நிலத்தில் 2009இல் திறந்தவெளியில் வைத்த ஓர் உடலை ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிணந்தின்னிக் கழுகுகள் தொடவே இல்லை. வந்து இறங்கியதும் சில மணி நேரத்தில் எலும்புக்கூடாக்கிவிட்டன. வெறும் எலும்பைப் பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டது என்று எழுதினால், காணாமல்போனவர்கள் பட்டியலில் தேட வேண்டிய பெயரே விட்டுப்போகும்.

விலங்கை நம்ப மறுத்ததால் ஒரு தாய் சிறை சென்றதும் உண்டு. 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல்போனாள். டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிப்போனதாகத் தாய் லிண்டி சேம்பர்லேன் கதறினார். 1981இல் நடந்த முதல் மரண விசாரணையும் அதையே சொன்னது. ஆனால் பின்னர் கிடைத்த குழந்தையின் உடையில் நாயின் எச்சில் இல்லை, துணி கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது என்று நிபுணர்கள் வாதிட்டார்கள். குழந்தைக்கு உடைக்கு மேல் சிறு அங்கி ஒன்று போட்டிருந்தேன், எச்சில் அதில்தான் பட்டிருக்கும் என்று தாய் சொன்னது எடுபடவில்லை. காரில் சிசுவின் ரத்தம் என்று காட்டப்பட்டது, வாகனத்தில் ஓசையை அடக்கப் பூசும் ரசாயனம் என்பது பின்னால்தான் தெரிந்தது. மணலில் டிங்கோவின் சுவட்டைத் தொடர்ந்து சென்ற பழங்குடியினரின் சொல்லுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். அந்த மண்ணை அவர்களைவிட யார் அறிவார்? குழந்தையைக் கொன்றதாக 1982இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. 1986இல், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒருவரைத் தேடப் போனவர்கள் டிங்கோக்கள் நடமாடும் இடத்தில் அந்த அங்கியைக் கண்டெடுத்தார்கள். சில நாட்களில் லிண்டி சிறையிலிருந்து வெளியே வந்தார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோவே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி உறுதிசெய்தது 2012இல்.

போலீசார் உடலோடு சேர்த்துச் சுற்றியுள்ள காலடிச் சுவடு, எச்சம், இழுத்த தடம் எல்லாவற்றையும் முதலிலேயே படம் எடுக்க வேண்டும். விலங்குகள் இழுத்துச் சென்றிருக்கக்கூடிய தூரம்வரை தேட வேண்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்று. அந்தப் பெண்ணின் கணவரை ஊரே சந்தேகிப்பதாக உங்கள் நிருபரே எழுதியிருக்கிறார். பரிசோதனை அறிக்கை வந்ததும், அது எதைச் சொன்னாலும், அதே முதல் பக்கத்தில் அதே எழுத்தளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட மருத்துவப் பேராசிரியர்,
திருச்சி.