செக்கோடு முடிந்துவிடாத வ.உ.சி.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வ.உ.சி.யின் பிறந்த நாளான செப்டம்பர் 5 ஐ ஒட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கப்பல் கம்பெனி, கோரல் மில் வேலைநிறுத்தம், திருநெல்வேலி வழக்கு, கோவைச் சிறையின் செக்கு என்று எல்லாம் முறையாகச் சொல்லப்பட்டிருந்தன. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் 1912 இல் சிறையிலிருந்து வெளியே வந்தவரை, 'பின்னர் வறுமையில் வாடி 1936 இல் மறைந்தார்' என்ற ஒற்றை வரியில் கட்டுரை அனுப்பி வைத்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் 24 ஆண்டுகள் இருக்கின்றன. பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 33 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஆண்டுகளைப் பற்றியும், வக்கீல் வ.உ.சி.யைப் பற்றியும் சில செய்திகளை எழுத விரும்புகிறேன்.

நம் ஊர் விழாக்களில் வ.உ.சி. என்றாலே கப்பல், இல்லாவிட்டால் செக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தபோது, அவரைப் பற்றிப் பேசிய 7 மாணவர்களில் ஒருவர்கூட அவர் வழக்கறிஞர் என்று சொல்லவில்லை. ஒரு சிறுவன் அவரைப் 'பெரிய கப்பல் முதலாளி' என்றே முடித்துவிட்டான். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

1872 இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர் வக்கீல் வீட்டுப் பிள்ளை. தந்தையார் உலகநாத பிள்ளை அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற வக்கீல். மகன் சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டுத் திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1894 இல் பிளீடர் தேர்வில் தேறினார். பெரிய பட்டம் பெற்றுச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாதாடிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். கீழ்க்கோர்ட்டுகளில், பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளில், போலீஸ் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பிழைத்தவர். ஏழைகளிடம் பணம் வாங்காமலே வாதாடினார். ஒட்டப்பிடாரத்துப் போலீசாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார் என்பதாலேயே தந்தையார் 1900 இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். அனுப்பியவருக்கு அங்கே ஒரு துறைமுகம் காத்திருக்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

கப்பல் கம்பெனியின் கதையிலும் வக்கீலின் கைதான் எனக்கு முதலில் தெரிகிறது. ஊர் கூட்டி உண்டியல் குலுக்கித் தொடங்கிய காரியம் அல்ல அது. 1906 அக்டோபர் 16 அன்று சட்டப்படி பதிவு செய்யப்பட்ட கூட்டுப் பங்குக் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று விதி எழுதி வைத்தார்கள். யாரை எதிர்த்துக் கம்பெனி தொடங்கினார்களோ அவர்களுடைய கம்பெனிச் சட்டத்தின் கீழேயே இப்படி ஒரு விதியை எழுதுவதற்கு வக்கீல் மூளைதான் வேண்டும்.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. நம் பெரியவர்கள் வாயில் அது 'பி.ஐ. கம்பெனி'. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் ஓடத் தொடங்கியதும், பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும், குடை கொடுக்கவும் முன்வந்தது. தங்கள் கட்டுரையில் இது இருந்தது. பினாங்கு வாசகனுக்கு உடனே நினைவுக்கு வரக்கூடிய ஒன்று மட்டும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்களைப் பினாங்கிற்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிற்கும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்த 'ரஜூலா', அதே பி.ஐ. கம்பெனியின் கப்பல்தான். என் தந்தையார் 1937 இல், 17 வயதில், அதில் டெக் பயணியாக வந்தார். எங்கள் வீட்டில் அவருடைய தகரப்பெட்டி இன்னும் இருக்கிறது. மூடியின் உட்புறம் நீல மையால் ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் எழுதியிருக்கும். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்தபோது மருந்துப் புகை போட்டதில் ஒரு மூலையில் அந்த எழுத்து கலங்கிப் போயிருக்கும். தூத்துக்குடியில் தமிழனின் கப்பலை நிலைக்கவிடாத கம்பெனியின் சீட்டைத்தான் அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்தார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அவரிடம் சொன்னேன். 'வேற கப்பல் ஏதுப்பா அப்ப?' என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார். ரஜூலா ஓய்ந்த பிறகு, இந்திய அரசின் கப்பல் கழகம் 'சிதம்பரம்' என்ற கப்பலை இதே வழியில் ஓட்டியதும், 1985 இல் அது தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனதும் என் வயதினருக்கு நினைவிருக்கும்.

இனி வழக்குக்கு வருகிறேன். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, அதாவது நம் மலேசியாவில் நாம் தேச நிந்தனை என்று சொல்லும் அதே குற்றம், அவர்மீது சாட்டப்பட்டது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, அவர் பேசிய பேச்சுக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். பேசிய சிவாவுக்கு 10 ஆண்டு. அவருக்குத் துணை நின்றவருக்கு ஆயுள்! இந்தக் கணக்கை என் அலுவலகத்து இளம் வழக்கறிஞர் ஒருவரிடம் சொன்னபோது நான் தவறாகப் படித்திருக்கிறேன் என்றே அவர் நினைத்தார். இலண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அந்நாளைய பிரிட்டிஷ் மந்திரி மார்லி பிரபுவே இந்தத் தண்டனையைத் தம்மால் ஆதரித்துப் பேச முடியாது என்ற கருத்தில் வைஸ்ராய்க்கு எழுத நேர்ந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் இருந்துவிட்டு 1912 டிசம்பர் 24 அன்று அவர் விடுதலையானார்.

சிறையிலும் அவர் வக்கீல் வேலையை விட்டுவிடவில்லை. உடனிருந்த கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். செக்கிழுத்த கையால் மனுவும் எழுதியவர் என்று யாராவது ஒரு மேடையில் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே வந்தபோது கம்பெனி இல்லை; அது முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டுவிட்டது. சன்னதும் இல்லை. சன்னது என்பது வக்கீல் தொழில் செய்வதற்கான அனுமதிப் பத்திரம்; தண்டனை பெற்றதால் அது பறிக்கப்பட்டிருந்தது. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது கோர்ட்டு வாசலில் நின்று பழகியவர்களுக்கே முழுதாக விளங்கும். இங்கே வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் முதலாளி பேச்சில் யாருக்கும் அடங்காதவர்; ஆயினும் ஓர் ஆண்டு அந்தத் தாள் வந்து சேரத் தாமதமானபோது, கறுப்பு அங்கியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நேரமெல்லாம் மாடிப்படியின் தலைப்பில் வந்து நின்றார். வழக்குக் கட்சிக்காரர்கள் வந்தால் என்னை விட்டுப் பேசச் சொன்னார். அத்தனையும் சில நாள்களுக்குத்தான். சன்னது இல்லாமல் வ.உ.சி. கழித்தது ஆண்டுக்கணக்கில். ஊரெங்கும் பெயர் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், ஆனால் ஒரு முன்சீப் கோர்ட்டில்கூட எழுந்து நிற்க உரிமையில்லாதவர். சென்னையில் குடும்பத்தோடு வீடு மாறி மாறிக் குடியிருந்தார். மண்ணெண்ணெய் விற்றும் பார்த்தார். வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. அதில் வியப்பில்லை.

அந்த நாளில் அவருக்குக் கைகொடுத்தவர்களில் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்களும் உண்டு என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டினார்கள். அந்தத் தொகை காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. அதற்காக 1915 இல் இருவருக்கும் இடையே பல கடிதங்கள் போய் வந்தன; தொகை 347 ரூபாய் 12 அணா. அது அவர் கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. கேட்கவும் கூச்சம், கேட்காமலிருக்கவும் வழியில்லை என்ற நிலையில் எழுதப்பட்டவை அந்தக் கடிதங்கள். இலட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர் அணாவுக்குக் கணக்குக் கேட்டு எழுத வேண்டியிருந்தது என்று இதை ஒரு சோகக் கதையாக மட்டும் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமக்கு என்று பிறர் கொடுத்த பணம் எங்கே நிற்கிறது என்று மரியாதை குறையாமல், விடாமல் கேட்பது வக்கீலின் குணம்; யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு அங்கே இரண்டாம் பட்சம்.

பறிபோன சன்னதை அவருக்கு மீட்டுக் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேய நீதிபதி, பெயர் வாலஸ். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் வீட்டுத் தொட்டிலில் ஆங்கிலேயர் பெயர்! அதைச் சிவன் பெயர் போலவே ஒலிக்கும்படி தமிழாக்கிக்கொண்டதில் அவருடைய குறும்பும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு கோயில்பட்டியிலும், 1932 முதல் மறுபடியும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார்.

அரசியலிலும் அவர் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. சென்னையில் தொழிற்சங்க வேலைகளில் ஈடுபட்டார். 1920 இல் கல்கத்தா காங்கிரசுக்குப் போய்விட்டு, ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடு இல்லாமல் காங்கிரசிலிருந்து விலகினார். 1927 இல் மீண்டும் சேர்ந்தார். கோர்ட்டுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. கோர்ட்டுக்குள் நுழையும் உரிமையைப் பறிகொடுத்து நின்ற ஒருவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். கல்வியிலும் வேலையிலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு வேண்டும் என்ற வகுப்புவாரி உரிமையை அவர் வெளிப்படையாக ஆதரித்தார் என்பதும் விழா மேடைகளில் எவரும் தொடாத செய்தி.

இவற்றுக்கு நடுவே தமிழ் வேலையும் நடந்தது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917 இல் பதிப்பித்தார்; தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிப்பதில் உழைத்தார்; குறளுக்குத் தாமும் உரை எழுதினார். வீட்டு வாடகைக்கு வழி தேடிக்கொண்டிருந்தவர் ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. தாம் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவர் முன்னதாகவே எழுதி வைத்திருந்தார். ஆவணம் எழுதியே பழகிய கை கடைசியிலும் ஆவணமே எழுதியது.

பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்து வாசி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தொகுதியை 1978 முதல் 1999 வரை நாடாளுமன்றத்தில் பேராளராக இருந்து காத்த கர்பால் சிங்கும் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அவரும் தேச நிந்தனை வழக்கில் தண்டனை பெற்றவர். 2014 மார்ச்சில் அவருக்கு 4,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே சாலை விபத்தில் மறைந்தார். 2019 இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. இரண்டு காலங்களும் இரண்டு நாடுகளும் வேறு. இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் முற்படவில்லை. ஆயினும் ஒரு பேச்சு எப்படி வழக்காகிறது என்பதைப் பினாங்குத் தமிழ் மாணவனுக்கு விளக்க வேண்டுமானால், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்தும் தொடங்கலாம், நம் ஜெலுத்தோங் சாலையிலிருந்தும் தொடங்கலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் நவம்பர் 18 அவருடைய நினைவு நாள். அன்றைக்கும் கப்பல் படமும் செக்குப் படமும் போட்டு அதே கதையை வெளியிடாமல், 1912 டிசம்பர் 24 இல் தொடங்கி எழுதக்கூடிய ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படத்துக்கு என்ன செய்வது என்று தங்கள் பக்க வடிவமைப்பாளர் கேட்டால், வக்கீல் தலைப்பாகையோடு அவர் இருக்கும் படம் கிடைக்கிறது, அதைப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
ஜெலுத்தோங், பினாங்கு.