பழைய பாத்ரூம் சுவரை இடிக்கும் முன்: அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

உங்களில் பலர் 1950களிலோ 60களிலோ கட்டிய வீட்டில் குடியிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கமாகட்டும், சிகாகோ, டெட்ராய்ட் புறநகர்களாகட்டும், கைக்கு அடக்கமான விலையில் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் காலத்து வீடுதான் அமைகிறது. வாங்கியதும் முதலில் சமையலறையை மாற்றுவோம், அடுத்தது பாத்ரூம். அந்த பாத்ரூம் வேலைக்கு ஆள் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாஷ்பேசினுக்கு மேல் சுவரில் பதித்த கண்ணாடி அலமாரி இருக்கிறதா? உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். உண்டியல் வாய் போல ஒரு மெல்லிய பிளவு தெரியலாம். சிலவற்றில் அது பழைய பிளேடுக்கான இடம் என்று தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். பல தடவை பெயின்ட் அடித்து மறைந்து போயிருந்தால், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கோடு தெரியும்.

அதற்குப் பின்னால் டப்பாவோ பெட்டியோ எதுவும் கிடையாது. இந்த வீடுகளின் சுவர் மரச்சட்டங்களுக்கு நடுவே உள்ளே வெற்றாக இருக்கும்; சவரம் செய்து மழுங்கிய பிளேடை அதில் போட்டால் நேராக அந்த வெற்றிடத்துக்குள் விழும். ஏற்பாடே அவ்வளவுதான்.

பாஸ்டனில் கிங் கேம்ப் ஜில்லெட்டின் கம்பெனி மாற்றிப் போடும் பிளேடுகளை விற்கத் தொடங்கிய 1903ஆம் ஆண்டு, மொத்தம் போனது 51 ரேஸர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு சிப்பாய்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேஸர். ஊர் திரும்பியவர்களோடு அந்தப் பழக்கமும் வீட்டுக்கு வந்தது. ஒரே சவரக்கத்தியைத் தீட்டித் தீட்டிக் காலத்துக்கும் வைத்திருந்த வீடுகளில், இப்போது வாராவாரம் இருபுறமும் கூரான ஒரு துண்டு இரும்பு குப்பையானது. கூடையில் போட்டால் குழந்தை கை வைக்கும். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பிளவு. ஹோட்டல் அறைகளிலும் ரயில்களின் படுக்கை அறைகளிலும்கூட வைத்தார்கள். 1971ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது, அப்புறம் பிளாஸ்டிக் ரேஸர் வந்தது. இரண்டும் அந்தப் பிளவில் நுழையாது. பிளவும் மெல்ல வழக்கொழிந்தது.

சிரிப்பு வரும்தான். ஆனால் கணக்குப் போட்டால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மனம் வராது. ஒரு பிளேடு சுமார் 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன். வாரத்துக்கு ஒன்று என்று 40 வருஷம் போட்டால் 2,080 பிளேடு. நெருக்கி அடுக்கினால் அத்தனையும் ஒரு தண்ணீர் டம்ளருக்குள் அடங்கிவிடும்! சுவருக்குள் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வழக்கமாக பதினாலரை அங்குல அகலம், மூன்றரை அங்குல ஆழம் இருக்கிறது. தாறுமாறாக விழுந்தாலும் அடியில் சில அங்குல உயரம் சேர்ந்தால் அதிகம். போட்டவரின் ஆயுளுக்குள் சுவர் நிறையப் போவதே இல்லை. அந்தச் சுவரை என்றைக்காவது ஒருவர் உடைப்பார் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

உடைப்பது நீங்களும் இல்லை, நானும் இல்லை. பழைய குழாயை மாற்றும் பிளம்பர், ஒயர் இழுக்கச் சுவருக்குள் கை விடும் எலக்ட்ரீஷியன், இடித்ததை அள்ளிப் பையில் போடும் கூலியாள். இந்தக் கடைசி ஆள் பல சமயம் குவாத்தமாலாவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ வந்தவராக இருப்பார். நாள் சம்பளம், மருத்துவக் காப்பீடு இல்லை, உங்களோடு பேசப் பொதுவான மொழியும் இல்லை. பழைய கார்பன் ஸ்டீல் பிளேடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். 1960களில் பரவிய ஸ்டெயின்லெஸ் பிளேடுகள் அப்படியில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் கையைக் கிழிக்கும். படுக்கையறைப் பக்கமிருந்து அதே சுவரை உடைத்தாலும் கொட்டும். 1930க்கு முன் கட்டிய சில வீடுகளில் மரச்சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போவதால், மாடி பாத்ரூமில் போட்ட பிளேடு பேஸ்மென்ட் வரை இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

1978க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயின்ட் பற்றித் தனக்குத் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அது மத்திய அரசின் சட்டம். நாமும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருப்போம். பிளேடுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. வாங்கும் முன் வீட்டைச் சோதிக்க வரும் ஹோம் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பாரே தவிர சுவரைத் திறந்து பார்க்க மாட்டார். பிளேடு போட்டவர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. ஆக, வேலைக்கு வருகிறவரிடம் சொல்ல மிச்சமிருப்பது வீட்டுக்காரராகிய நீங்கள் ஒருவர்தான். நான் கேட்பதும் அதை மட்டும்தான்: சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள கான்ட்ராக்டர் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். இடிக்க வரும் ஆள் பெரும்பாலும் அவரில்லை, அவர் அனுப்பும் வேறு ஒருவர்.

சுவரை இடிக்கும் திட்டமே இல்லை என்றால் பிளேடுகளை எடுக்கவென்று உடைக்க வேண்டாம். உள்ளே கிடந்து யாரையும் எதுவும் செய்யப் போவதில்லை. பிளவை ஒரு தகடு வைத்து மூடி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் 'இந்தச் சுவருக்குள் பிளேடுகள் உள்ளன' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். உங்களுக்கு அடுத்து அந்த வீட்டுக்கு வருபவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இடிப்பதாக இருந்தால், மற்ற எதையும் தொடும் முன் அலமாரியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நாலைந்து ஸ்க்ரூ இருக்கும். அந்தச் சதுரத்துக்குள் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் கீழே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அலமாரிக்கு நேர் கீழே இருக்கும் அந்தச் சுவர்ப் பகுதியைக் கடைசியில் தனியாகத் திறக்கலாம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொடங்கி. அந்த வயது வீட்டில் ஈயப் பெயின்ட் தூசி வேறு இருக்கலாம். அதற்கு உரிய சான்றிதழ் உள்ள கான்ட்ராக்டர்தான் கை வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் உட்பட எல்லா பிளேடும் காந்தத்தில் ஒட்டும். நீளக் கைப்பிடி உள்ள காந்தம் ஹார்டுவேர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. வெட்டுத் தாங்கும் கையுறை போட்டிருந்தாலும் கையால் அள்ள வேண்டாம். காலி பெயின்ட் டின்னில் போட்டு, மூடி, டேப் சுற்றி, மேலே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதிவிடுங்கள். அப்படியும் யாருக்காவது வெட்டிவிட்டால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்று கேளுங்கள். அழுக்குக் காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடியும் போடச் சொல்வார்கள். அந்தச் செலவு உங்களுடையதாக இருப்பதுதான் மரியாதை.

இன்னொன்று. இந்தப் பிளவுகளில் சில இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பாவும் மாமனாரும் அதே இருமுனை பிளேடோடு வருகிறார்கள். தூக்கிப் போடும் முன் ஒரு பிளேடை பென்சில் சீவ, நகம் வெட்ட, தையல் பிரிக்க என்று உபயோகித்துத் தீர்த்தவர்கள் அவர்கள். இங்கே கண்ணாடிக்குப் பின்னால் தயாராக ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்தால் 'அட, நல்ல வசதியா இருக்கே' என்று போடத்தான் செய்வார்கள். வந்திறங்கிய மறுநாளே ஒரு காலி டின்னின் மூடியில் கோடு கீறிக் கையில் கொடுத்துவிடுங்கள். மலிவு என்பதால் இந்த பிளேடுக்கே திரும்பியிருக்கும் இளைஞர்களுக்கும் அதே டின்தான். நிறைந்ததும் டேப் சுற்றி குப்பையில் போடலாம்; உங்கள் ஊர் நிர்வாகத்துக்கு வேறு விதி இருந்தால் அதன்படி. ரீசைக்கிளிங் தொட்டியில் மட்டும் பிளேடைத் தளர்வாகப் போடாதீர்கள். அங்கே பிரிப்பதும் ஒரு ஆளின் கைதான்.

கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடும் முன் கீழே உள்ளதை ஆங்கிலத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதனால் செலவு ஒன்றும் அதிகமாகாது.

'பாத்ரூம் அலமாரிக்குக் கீழே சுவருக்குள் பழைய ரேஸர் பிளேடுகள் இருக்கலாம். இடிக்கும் ஆட்களுக்கு, அவர்களுக்குப் புரியும் மொழியில், வேலை தொடங்கும் முன் இதைத் தெரிவிக்க வேண்டும்.'

அன்புடன்,
பழைய வீட்டில் குடியிருக்கும் ஒரு நியூ ஜெர்சித் தமிழன்