மருந்துக் கடை அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஏடிஹெச்டி இருக்கிறது. கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். மனநல மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை நீட்டியதும் உங்களில் பலருக்கு முகம் மாறிப் போகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கடையில் சீட்டை வாங்கிப் பார்த்தவர், "இது போதை ஐட்டம்லம்மா? சின்னப் பையனுக்கு எதுக்கு இதெல்லாம்? நாலு போடு போட்டா தன்னால சரியாயிருவான்" என்றார். பையன் பக்கத்தில் நின்று குளுக்கோஸ் டப்பாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "நான் போதை மாத்திரையாம்மா சாப்பிடுறேன்?" என்று கேட்டான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, பள்ளிக்கூட வேன் ஏறும் முன் துப்பியிருக்கிறான். டாக்டர் பேசிப் பேசித் தேற்றியதை உங்கள் ஒரு வாக்கியம் கலைத்துவிட்டது.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். வலி மாத்திரைகளைப் போதைக்காக வாங்கிப் போகும் பையன்கள், அதனால் கடைக்கு வரும் சோதனை, போலீஸ், வழக்கு எல்லாம் செய்தியில் பார்க்கிறோம். மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை நீங்கள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுங்கள். பேர், முகவரி எது கேட்டாலும் தருகிறோம். இரண்டாவது பிரதி இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், மறுபடி டாக்டரிடம் போய் வாங்கி வருகிறோம். பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் விதி மட்டும் அதில் எங்கேயும் கிடையாது.

இதற்கான லைசென்ஸ் தனி. எல்லாக் கடையிலும் அது இருக்காது. இல்லையென்றால் "எங்ககிட்ட ஷெட்யூல் எக்ஸ் லைசென்ஸ் இல்லம்மா, இன்ன கடையில கேளுங்க" என்றால் போதும். "அந்த மாத்திரை இப்ப வர்றதில்ல" என்று மழுப்பும்போதுதான் நாங்கள் ஊர் ஊராக பஸ் ஏறுகிறோம். "இதுக்குப் பதிலா வேற தரவா?" என்ற பேச்சும் வேண்டாம். அடோமாக்ஸெட்டின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது, அது ஷெட்யூல் எக்ஸில் இல்லை. ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு, முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

"இதெல்லாம் இப்ப வந்த வியாதி" என்பது அடுத்தது. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902-இல். அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் மூளையைத் தூண்டும் இதே வகை மருந்து கொடுத்துப் பார்த்து, பிள்ளைகள் பாடத்தில் உட்காருகிறார்கள் என்று எழுதியது 1937-இல். மெத்தில்ஃபெனிடேட்டை முதலில் தயாரித்தது 1944-இல். உங்கள் கடையில் இருக்கும் பல மாத்திரைகளைவிட இதற்கு வயது அதிகம். நம் பக்கமும் இது அபூர்வமில்லை. கோவையில் 770 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 2013-இல் வெளியான ஆய்வு, 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்றது. உலக அளவில் சுமார் 5 சதவீதம் என்பார்கள். அளக்கும் முறையைப் பொறுத்துக் கணக்கு மாறும். குறைந்த கணக்கையே எடுத்தாலும் 40 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

இது தூக்க மாத்திரையும் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் போல நிற்கும், பிறகு இறங்கிவிடும். முன்பெல்லாம் பலகையில் இருக்கும் கணக்கை நோட்டில் இறக்கும்போது மூன்றாவது வரியில் என் மகனின் பென்சில் நின்றுவிடும்; வாயால் கேட்டால் விடை சொல்வான். இப்போது கடைசி வரி வரை எழுதுகிறான். எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்!

மாத்திரையே எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. என் மகனை முன் பெஞ்சில் உட்கார வைப்பது, வீட்டுப் பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, இவையும் நடக்கின்றன.

தொந்தரவும் உண்டு. மதியம் பசிக்காது, டிபன் பாக்ஸ் பாதி அப்படியே வரும். தாமதமாகப் போட்டால் ராத்திரி தூக்கம் தள்ளிப் போகும். ஒவ்வொரு முறையும் டாக்டர் எடை, உயரம், நாடி பார்க்கிறார். நீங்கள் கேட்பதானால் இதையெல்லாம் கேளுங்களேன். பையன் சாப்பிடுகிறானா, எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள், நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறீர்களா (கூடாது) என்று கேட்டால், மறுபடி உங்கள் கடையைத்தான் தேடி வருவோம். மருந்தாளுநர் படிப்பு படித்தவருக்கு இது தெரியாததும் இல்லை.

சீட்டோடு வருவது பெரியவராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. சின்ன வயதில் வந்தது பலருக்கு வளர்ந்த பிறகும் தொடர்கிறது. ஓடியாடாமல் ஓரமாக உட்கார்ந்து கனவு காணும் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் யாரும் கவனிப்பதில்லை. அவர்களில் சிலர் முப்பது வயதுக்கு மேல்தான் டாக்டரிடம் போகிறார்கள். அந்தப் பெண் உங்கள் முன் நிற்கும்போது "உங்களுக்கா?" என்று மேலும் கீழும் பார்க்காதீர்கள்.

அதிகாரிகளுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெட்யூல் எக்ஸ் லைசென்ஸ் உள்ள கடைகளின் பட்டியலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வாசலிலும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்திலும் ஒட்டுங்கள். அப்படி ஒரு கடைகூட இல்லாத தாலுகா எது என்பது உங்கள் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். அங்கே அரசு மருத்துவமனை மருந்தகத்திலாவது இந்த மாத்திரை இருப்பு இருக்கும்படி பாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆறாம் வகுப்பு மாணவனின் அம்மா,
விருதுநகர் மாவட்டம்