பள்ளிக் கலைக்களஞ்சியத்தை எடைக்குப் போட வேண்டாம்: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு உயர்நிலைப் பள்ளி,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பள்ளி நூலகத்தில் உள்ள கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கண்டம் செய்யாமல் (கழித்துக்கட்டாமல்) வைத்திருக்கவும், இணைய இணைப்பு இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்க ஏற்பாடு செய்து தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு வகையில் இந்த மனு என் பிழைப்புக்கே எதிரானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளால்தான் என் கடையில் கொஞ்சம் காசு புரள்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சென்ற குழுக் கூட்டத்தில், நூலகத்தில் பயன்படாத புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். அதில் முதலில் இருந்தது தமிழ்க் கலைக்களஞ்சியம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பல வருடங்களுக்கு முன்பு கொடுத்தது. பத்துத் தொகுதிகளில் எட்டாவது மட்டும் இல்லை. "எல்லாம் நெட்டில் இருக்கிறது, இது இடத்தை அடைக்கிறது" என்று காரணம் சொன்னார்கள். பிரிட்டானிக்காவே அச்சை நிறுத்திவிட்டதே என்றும் ஒருவர் கேட்டார். உண்மைதான். 1768ல் தொடங்கிய அந்தக் களஞ்சியம், 32 தொகுதிகளாக வந்த 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சுக்கு முழுக்குப் போடுவதாக 2012ல் அறிவித்தது. ஆனால் அவர்கள் நிறுத்தியது புதிதாக அச்சடிப்பதை. வீட்டில் இருப்பதை எடைக்குப் போடுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு, பட்டியலை அனுப்புவதை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மனு.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து, 1954 முதல் 1968 வரை வெளியிட்ட களஞ்சியம்தான் எங்கள் பள்ளியில் இருப்பது. இதற்கும் முன்பு, 1910லேயே அபிதான சிந்தாமணி என்ற களஞ்சியத்தை வெளியிட்டது மதுரைத் தமிழ்ச் சங்கம். அந்தச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் மன்னர்களான சேதுபதி குடும்பத்துச் சொந்தம். களஞ்சியம் என்கிற விஷயத்தில் இந்தச் சீமைக்குப் பழைய பங்கு உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன். அது கிடக்கட்டும்.

புத்தகம் பழையது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. என் மகளே அதில் மாட்டிக்கொண்டாள். இராமநாதபுரம் மாவட்டத்தில் பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர் சிவகாசி என்று எழுதி, தப்பு வாங்கி வந்தாள். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று அழுகை வேறு. அந்தக் காலத்தில் சிவகாசி, விருதுநகர், காரைக்குடி எல்லாம் நம் மாவட்டம்தான், 1985ல்தான் மூன்றாகப் பிரித்தார்கள் என்று என் மாமனார் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் அவளே முதல் பக்கத்தைப் புரட்டி வருடத்தைப் பார்த்தாள். இப்போது எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் வருடத்தைத்தான் பார்க்கிறாள். முதல் ஒன்பது தொகுதிகளும் 1963க்குள் வந்துவிட்டன. அப்போது தனுஷ்கோடியில் ரயில் நின்றது, கப்பல் புறப்பட்டது. 1964 டிசம்பர் புயல் அடுத்த வருடம்தான். புயலுக்கு முந்தைய நம் கரையை அந்தக் காலத்து எழுத்தில் படிக்க இந்தப் பள்ளியில் வேறு என்ன இருக்கிறது?

மறுபக்கம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பற்றிப் படிக்க இணையம்தான் வேண்டும். ஆனால் இணையம் எங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை சிக்னல் செல்போனில் வந்து நிற்கும், நம்முடையது வராது. பள்ளி ஹைடெக் லேபில் ஒரு பக்கம் திறப்பதற்குள் பீரியட் முடிகிறது. வாடைக்காலத்தில் கரண்டும் சேர்ந்து போய்விடும். அதனால் பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். "அக்கா, பவளப்பாறை நாலு பக்கம்" என்பார்கள். நான் எடுத்துக் கொடுக்கிறேன், சார்ட்டில் ஒட்டுகிறார்கள், அதோடு சரி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று நூறு தடவையாவது பிரிண்ட் எடுத்திருப்பேன். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டதைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. படித்தால்தானே கேட்பதற்கு.

கேட்டது ஒரே ஒரு பெண். எட்டாம் வகுப்பு. வடகடலில் அவள் அப்பா வலையில் ஆவுளியா என்ற கடற்பசு மாட்டி, வலையை அறுத்துவிட்டு அதைப் போக விட்டிருக்கிறார். அதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று பள்ளியில் இருக்கும் ஆங்கிலக் களஞ்சியத்தில் 'ஏ' தொகுதியை எடுத்து ஆவுளியாவைத் தேடியிருக்கிறாள். டுகாங் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த வழுவழுப்பான தாள் வேறு உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போகிறது. கடைக்கு வந்தாள். தமிழில் தட்டினோம், வந்தது. கடற்புல் தின்னும் பாலூட்டி என்று வாசித்துவிட்டு, "நாங்க அந்தப் புல்லைத் தாழைன்னு சொல்வோம், அது இதுல இல்லையே" என்றாள். இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்று சொன்னேன். நம்பவில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் தப்பும் வரும், திருத்தமும் வரும். அதை மொத்தமாக ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு, கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் இணையமே இல்லாமல் படிக்க முடியும். என் கடைக் கணினியில் போட்டு வைத்திருக்கிறேன். சிக்னல் இல்லாத நாளிலும் திறக்கிறது. வந்து பார்க்க விரும்பினால் காட்டுகிறேன்.

ஆகவே ஐயா, தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கண்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட உத்தரவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அவை இருப்பது தெரியும், நானும் பார்த்தேன். செல்போன் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பது பிள்ளைகளுக்கு ஆகிற காரியமில்லை. ஹைடெக் லேப் கணினிகளில் தமிழ் விக்கிப்பீடியாக் கோப்பை ஏற்றித் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை மாவட்டத் தலைமையிடத்தில் புதிதாக இறக்கி, பென்டிரைவில் கொடுத்தால்கூடப் போதும். நூலக நிதி வந்தால், விலை கூடிய ஆங்கிலத் தொகுதிகளுக்குப் பதிலாக, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம், வாழ்வியல் களஞ்சியம் இவற்றில் கிடைக்கும் தொகுதிகளை வாங்க அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்று. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நூலகப் புத்தகங்கள் இருக்கும் பீரோ பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. பொறுப்பு ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டுமோ என்று பயப்படுகிறார். போன முறை திறந்தபோது பூட்டு துருவேறி, தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் சாவி திரும்பியது. பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியர் பணம் கட்டத் தேவையில்லை என்று தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தால் போதும், மறுநாளே திறந்துவிடுவார். பயன்படாத புத்தகம் என்று பட்டியலில் எழுதினார்களே, பூட்டி வைத்த புத்தகம் எப்படிப் பயன்படும்?

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு

இணைப்பு: பெற்றோர் கையொப்பத் தாள்; ஆவுளியா பற்றி எட்டாம் வகுப்பு மாணவி தன் கைப்பட எழுதிய இரண்டு பக்கங்கள் (நகல். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை).