வரவேற்புக் கூட்டத்துக்குப் போ, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பியதை எல்லாம் அச்செடுத்துவிட்டேன். மொத்தம் ஏழு பக்கம். விமானச் சீட்டு, ஹோட்டல் வவுச்சர், ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் தெற்கு விமானநிலையத்தில் ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸின் விவரம், பயண நிறுவனம் விழுந்தால் நம்மைக் காப்பாற்றும் அட்டோல் சான்றிதழ், எதுவும் குறையவில்லை. நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன். லீட்ஸ் முகவரிக்கே போடவா, வேறு எங்கேயுமா என்று ஒரு வரி எழுது.

தொலைபேசியில் கதைக்கலாம்தான். அம்மா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் மின்னஞ்சல்.

முக்கியமான விஷயம் ஒன்று. நீ போய் இறங்கிய மறுநாள் காலை ஹோட்டலில் வரவேற்புக் கூட்டம் இருக்கிறதாம், மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் போ. இப்போது பல நிறுவனங்கள் அந்தக் கூட்டத்தையே நிறுத்திவிட்டு, கைபேசிச் செயலியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டன. உனக்கு நிறுவனத்தின் ஆள் ஒருவர், ரெப் என்பார்களே, நேரில் வந்து நிற்கப்போகிறார். அதை விட்டுவிடாதே.

அது வியாபாரக் கூட்டம், படகுச் சவாரியையும் மலைப் பயணத்தையும் நம் தலையில் கட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவன் நான்தான். அதில் பாதி உண்மை. முதல் கால் மணி நேரம் பயனுள்ளதைச் சொல்வார்கள். பிறகு விற்பனை தொடங்கும். விற்ற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. அதே படகைத் துறைமுகத்தில் குறைந்த விலைக்கும் வாங்கலாம். ஆகவே அன்றைக்கே எதற்கும் காசு கொடுக்காதே. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வா. பிறகு வாங்கினாலும் யார் பெயரில் பற்றுச்சீட்டு தருகிறார்கள் என்று பார். நீ இங்கேயே பதிவு செய்த விமானமும் ஹோட்டலும் ஒரு ஒப்பந்தம். அங்கே போய் வாங்கும் சவாரி பெரும்பாலும் வேறு ஒப்பந்தம், வேறு ஆளுடையது.

ஆனால் முதல் கால் மணி நேரத்தை விடாதே. கடலில் எந்தப் பக்கம் இழுப்பு அதிகம், சிவப்புக் கொடி ஏற்றினால் என்ன செய்வது, திரும்பி வரும் நாளில் பஸ் எத்தனை மணிக்கு, அந்த நேரம் மாறினால் எங்கே ஒட்டுவார்கள், இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள். அவசரத்துக்கு 112 என்பது உனக்குத் தெரியும். அறையில் குறை இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து, அன்றைக்கே அந்த ரெப்பிடம் சொல். தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுப் பயணத் தொகுப்பு விதிகளிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினால், அங்கேயே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே என்பார்கள். அட்டோல் தாளைக் கைப்பையில் வை, பெட்டியில் அல்ல. 2019 செப்டம்பர் 23ஆம் தேதி தாமஸ் குக் பயண நிறுவனம் விழுந்தபோது வெளிநாட்டில் இருந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை அரசாங்கம்தான் விமானம் பிடித்துக் கூட்டி வந்தது. உனக்கு இதெல்லாம் பாடம் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் பெரிய டாக்டர் எழுதிய மருந்தளவு பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நீ. கடையில் எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவ்வளவு பேசத் தெரிந்தவள் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக ஒரு அழைப்பு எடுக்கவில்லை. அம்மா மூன்று ஞாயிறும் இரண்டு மணிக்குக் கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வவுச்சரில் ‘பெரியவர்: 1’ என்று இருக்கிறது. தனி ஆள் அறைக்குக் கூடுதல் கட்டணமும் பிடித்திருக்கிறார்கள். மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லையாக்கும். அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். நல்லது. கொடுக்கத்தான் வேண்டும். அம்மாவிடம் நான் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

தனியாகப் போகிறவள் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போ. போய் உன் பெயரையும் அறை எண்ணையும் அந்த ரெப்பிடம் சொல். ஒரு வாரம் முழுவதும் அந்தத் தீவில் உன் முகம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். காலையில் உன்னைக் காணவில்லை என்றால் தேட ஒருவர் வேண்டும்.

2004 ஆகஸ்ட் உனக்கு மறந்திருக்காது. நாங்கள் மூன்று பேரும் இதே டெனரிஃப்புக்குப் போன ஒரே ஒரு விடுமுறை. உனக்குப் பன்னிரண்டு வயது. காலை பத்து மணிக்கு அந்த நீலப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு, உன் பழைய கணக்குக் கொப்பியையும் ஒரு பேனையையும் எடுத்துக்கொண்டு, அம்மா லாபியில் போய் உட்கார்ந்தார். கூட்டம் அந்தப் பக்கத்து அறையில் தொடங்கிவிட்டது. ஆரஞ்சுச் சாறு ஊற்றிய கண்ணாடிக் குவளைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாருங்கள் போவோம் என்று அம்மா எழுந்தார். நான், நம்மிடம் காசு பிடுங்கத்தான் கூப்பிடுகிறார்கள், நான் வழி பார்த்துவிட்டேன், நாங்களே மலைக்குப் போவோம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கொப்பியை அம்மா பைக்குள் மடித்து வைத்தார்.

தெய்டே மலைக்குப் பொதுப் பஸ் அப்போது நாளுக்கு ஒன்றுதான். காலையில் ஏறும், பின்னேரம்தான் திரும்பி இறங்கும். கேபிள் கார் புறப்படும் இடமே 2,356 மீட்டர் உயரம். வானம் மஞ்சளாக, பால் கலந்த தேநீர் போல இருந்தது. சகாராவில் இருந்து தூசியை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது, கலிமா என்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வெயில் என்று நினைத்தேன். அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது நீல இன்ஹேலர் ஹோட்டல் அறையில் கட்டிலின் பக்கத்தில் இருந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். அம்மாவின் விரல் நகங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வை இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது.

வேறு ஏதோ நிறுவனத்தின் பஸ்ஸோடு வந்திருந்த ரெப் பெண்தான் ஓடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். நீதான் முன்னால் வந்து, அம்மாவுக்கு ஆஸ்துமா, இன்ன மருந்து, இன்ன அளவு என்று பதில் சொன்னாய். தன் பஸ்ஸின் முன் இருக்கையில் அம்மாவைச் சாய்த்து, தன் ஆட்களை எல்லாம் நேரத்தோடு ஏற்றிக்கொண்டு கீழே இறக்கினாள். அன்று இரவு சாப்பாட்டு மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரர் உன்னிடம் சொன்னார்: காலைக் கூட்டத்தில் சொன்னார்களே, இன்றைக்குத் தூசிக்காற்று, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மலைக்குப் போக வேண்டாம் என்று. நீ அதைத் தமிழில் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

காசுக்காகத்தான் கூட்டத்தைத் தவிர்த்தேன் என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மை இல்லை, பிள்ளை. முதல் நாள் இரவு விமானநிலையத்துப் பஸ்ஸில் பட்டியலோடு நின்ற பெண், நீங்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய வடக்குப் பக்க ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. நான் யெஸ், யெஸ் என்று தலையாட்டினேன். பின் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பெட்ரோல் நிலையத்தில் பதின்மூன்று வருடம் இரவு வேலை பார்த்த எனக்கு, எத்தனையாம் இலக்கப் பம்ப், கார்டா காசா என்பதற்கு அப்பால் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு அறை நிறைய ஆட்கள் இருக்க அந்தப் பெண் மறுபடியும் என்னைக் கேள்வி கேட்டுவிடுவாளோ, நீ மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்ற பயத்தில்தான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் மூச்சை விட என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.  

அன்றைக்கு உன்னை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. அதன் பிறகு நீ எதற்கும் எங்களிடம் வந்து கேட்டதே இல்லை.

நீ என்னிடம் எதையும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் கேட்பேன். அம்மா முன்னால் சொல்ல வேண்டாம் என்றால் காரில் சொல்லலாம்.

லீட்ஸ் பிராட்ஃபர்டில் இருந்தே டெனரிஃப்புக்கு விமானம் இருக்கிறது. ஏன் லண்டன் கேட்விக்கில் இருந்து போகிறாய் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும் விமானம் இரவு 11.25க்கு இறங்குகிறது என்று போட்டிருக்கிறது. அந்த நேரத்துக்கு மேல் லீட்ஸுக்கு ரயில் கிடைக்காது. நான் வந்து நிற்கிறேன். தாமதமானால் தாமதம், நான் காரில் இருப்பேன். மேல் மாடி அறையில் இருந்த பெட்டிகளை எல்லாம் கராஜுக்கு இறக்கிவிட்டேன். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அம்மாவிடம், பிள்ளைக்கு லண்டனில் ஏதோ பயிற்சி வகுப்பாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு மாதிரிச் சொல்ல வேண்டும் என்றால் சொல், மாற்றிச் சொல்கிறேன்.

உன் இன்ஹேலர் இரண்டு எடுத்துப் போ. ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

கூட்டம் காலை பத்தரைக்கு. பூல் பக்கத்து பாரில் என்று இருக்கிறது. முன் வரிசையில் உட்கார். அறை எண் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, நடுச்சாமமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா